யாரை வைத்துச் செய்த ஆய்வு? புதிய இதய ஆய்வுகளைப் படிக்கும் வழி

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் புதுச்சேரி, கடலூர் டாக்டர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஸ்லைடு படங்கள் கொட்டத் தொடங்கிவிடும். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் மாநாடு நடக்கும் நேரம் அது. அரங்கின் கடைசி வரிசையிலிருந்து யாரோ கைபேசியில் எடுத்த படம். கோணலாக இரண்டு கோடுகள், மூலையில் ஒரு ‘பி’ மதிப்பு (வித்தியாசம் தற்செயலா என்று காட்டும் எண்). கீழே ஒருவர் கைதட்டும் பொம்மை போட்டிருப்பார், இன்னொருவர் “இனி எல்லாருக்கும் இதுதான்” என்று எழுதியிருப்பார். மறுநாள் காலை ஓபியில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு அந்த மருந்தை எழுதலாமா என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இருக்காது.

இருக்கும் இடம் வேறு. ஆய்வுக் கட்டுரையின் முதல் பட்டியலில், அதாவது யார் யாரைச் சேர்த்தார்கள், அவர்களின் வயது, நோய், ஏற்கெனவே சாப்பிட்ட மருந்துகள் எவை என்று போட்டிருக்கும் அந்தக் கட்டத்தில்தான் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி, எதை ‘பலன்’ என்று எண்ணினார்கள் என்பதில். சுருக்கத்தின் கடைசி வரியைக் கடைசியாகப் படிப்பதே நல்லது. எம்.டி., டி.எம். மாணவர்களையும், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, வில்லியனூர் பக்கம் தனியாகக் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், எங்கே பார்ப்பது. பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு மூன்று மாநாடுகளில் வெளிவருகின்றன: மார்ச்–ஏப்ரல் வாக்கில் அமெரிக்க இதயவியல் கல்லூரி, ஆகஸ்ட் கடைசியில் ஐரோப்பா, நவம்பரில் அமெரிக்க இதயச் சங்கம். ஸ்டென்ட், வால்வு சமாச்சாரங்களுக்கு மே மாதம் பாரிஸில் யூரோ பிசிஆர், இலையுதிர் காலத்தில் டிசிடி. மேடையில் முடிவைச் சொல்லும் அதே நேரத்தில் முழுக் கட்டுரையும் ஜர்னலின் தளத்தில் ஏறிவிடுவது இப்போது வழக்கம். ஆகையால் ஸ்லைடு படத்துக்கு அவசியமே இல்லை. நியூ இங்கிலாந்து ஜர்னலின் ஆய்வுக் கட்டுரைகள் ஆறு மாதம் கழித்து, பதிவு செய்துகொண்டால் இலவசம். ஐரோப்பியக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள் வெளியான அன்றே இலவசம். இந்தியன் ஹார்ட் ஜர்னல் முழுக்கத் திறந்தது. அரசுக் கல்லூரிகளில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள் அதற்குள் வருகின்றன. தனியாகப் பிராக்டிஸ் செய்பவருக்கு அது கிடைக்காது. கட்டுரையில் தொடர்புக்கு என்று கொடுத்திருக்கும் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதினால் பலர் அனுப்பிவிடுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெடில் கணக்கு தொடங்கி, தேடல் பெட்டிக்குக் கீழே இருக்கும் ‘கிரியேட் அலர்ட்’ வசதியைப் பயன்படுத்துங்கள். பலரும் இங்கே செய்யும் பிசகு, ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று மட்டும் போட்டு அலர்ட் வைப்பது. வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும். மூன்றாவது வாரம் திறக்காமலே அழிக்கத் தொடங்குவோம். உங்கள் ஓபியில் அடிக்கடி வரும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் வையுங்கள். ருமாட்டிக் வால்வு நோய் ஒன்று, மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இன்னொன்று, மூன்றாவது உங்கள் விருப்பம். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை வருமாறு அமைக்கலாம். இன்னொரு நுணுக்கம்: இடப்பக்கம் இருக்கும் ‘ரேண்டமைஸ்டு ட்ரையல்’ (சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு) வடிகட்டியை மட்டும் நம்ப வேண்டாம். கட்டுரை எந்த வகை என்ற முத்திரை குத்தப்படுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை புத்தம் புதிய கட்டுரை அந்த வடிகட்டியில் சிக்காமல் போகும். அதற்குப் பதில் ‘ரேண்டமி’ வரை தட்டி நட்சத்திரக் குறி போட்டுவிட்டால், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் வந்துவிடும்.

இனி அந்த முதல் பட்டியல்.

நம் பக்கத்துக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் 2022 ஆகஸ்டில் வந்த இன்விக்டஸ் ஆய்வு. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (ஏஎஃப், அதாவது தாறுமாறான இதயத் துடிப்பு) உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசெனோகுமராலோ சாப்பிட வேண்டும். அதோடு மாதாமாதம் பிடி-ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற பரிசோதனை) பார்க்க வேண்டும். வீராம்பட்டினத்திலிருந்தோ நெல்லிக்குப்பத்திலிருந்தோ வரும் ஒரு பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி, பஸ் காசு, பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வரும் ஏற்பாடு. ரிவரோக்ஸபான் வந்தபோது ரத்தப் பரிசோதனை இல்லாத மாத்திரை என்பதால் எல்லாருக்கும் ஆசை. 2011-இல் வந்த ராக்கெட் ஏஎஃப் ஆய்வில் 14,264 பேரிடம் அது வார்ஃபரினுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையின் பட்டியலைப் பாருங்கள்: நடு வயது (மீடியன்) 73. ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் அளவுக்கு மைட்ரல் வால்வுச் சுருக்கம் இருப்பவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். அதாவது நம் நோயாளி அந்த ஆய்வில் இல்லவே இல்லை.

இன்விக்டஸ் அவரைத்தான் உள்ளே எடுத்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகள். இறுதிக் கணக்கில் 4,531 பேர். சராசரி வயது 50.5, 72% பெண்கள். பக்கவாதம், உறைகட்டி வேறிடத்தில் அடைப்பது, மாரடைப்பு, இதய-ரத்தநாளக் காரணத்தாலோ காரணம் தெரியாமலோ வந்த மரணம் எல்லாம் சேர்த்து ரிவரோக்ஸபான் பக்கம் 2,275 பேரில் 560, பழைய மாத்திரை பக்கம் 2,256 பேரில் 446. மரணம் மட்டும் 552-க்கு 442. பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பழையதே வென்றது.

இங்கே நிறுத்திவிட்டால் பாதிதான் படித்ததாகும். இரண்டு விஷயங்களைக் கட்டுரைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்று, மரண வித்தியாசம் பெரும்பாலும் பக்கவாதத்தால் வந்ததல்ல. பழைய மாத்திரை பக்கம் திடீர் மரணமும் இதயம் தளர்ந்து இறப்பதும்தான் குறைந்திருந்தன. ஐஎன்ஆருக்காக மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வந்ததே அவர்களைக் காப்பாற்றியதோ என்ற சந்தேகம் நியாயமானது; ரிவரோக்ஸபானை நடுவில் நிறுத்தியவர்களும் அதிகம். இரண்டு, தொடக்கத்தில் ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தவர்கள் மூன்றில் ஒருவர்தான். பிறகு அது பாதிக்கு மேல் ஏறியதே தவிர, பிரமாதம் என்று சொல்லும் அளவுக்கு ஒருபோதும் இல்லை. “நம்மூரில் ஐஎன்ஆர் ஒழுங்காக நிற்காது, அதனால் புதுசுக்கு மாத்திடலாம்” என்ற வாதம் இதோடு விழுந்துவிடுகிறது. சுமாரான ஐஎன்ஆரோடும் பழைய மாத்திரை வென்றிருக்கிறது. இன்றைக்கும் மைட்ரல் சுருக்கம் என்று எழுதிய எக்கோவோடு, கையில் ரிவரோக்ஸபான் அட்டையோடு வருபவர்களைப் பார்க்க முடிகிறது. ‘ஏஎஃப்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து எழுதப்பட்ட சீட்டு அது.

இதே கண்ணோடு மாரடைப்பு ஆய்வுகளைப் பார்க்கலாம். 2013-இல் வந்த ஸ்ட்ரீம், உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் போக முடியாதவர்களுக்கு டெனெக்டெப்ளேஸ் ஊசி போட்டு, 6 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்வது நேரடி ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஈடாகுமா என்று பார்த்தது. 1,892 பேர். முப்பது நாள் கணக்கில் பாதிப்பு ஊசி பக்கம் 12.4%, நேரடி ஆஞ்சியோபிளாஸ்டி பக்கம் 14.3%, ஈடாகத்தான் இருந்தது. கடலூரின் உட்பகுதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறென்ன என்று தோன்றும். ஆனால் பட்டியல் சொல்கிறது: எல்லாரும் வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். 2008-இல் வெளியான கிரியேட் பதிவேட்டில், இந்தியாவின் 89 ஆஸ்பத்திரிகளில் 20,937 பேரைப் பார்த்தபோது, வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நடு நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம் ஆன உறைகட்டி இறுகிப் போயிருக்கும். ஊசி அதை அவ்வளவு எளிதாகக் கரைக்காது. ஸ்ட்ரீமிலேயே, சீக்கிரம் வந்தவர்களிலேயே, 36% பேருக்கு ஊசி சரிவர வேலை செய்யாமல் அவசர ஆஞ்சியோ தேவைப்பட்டது. தாமதமாக வருபவரிடம் அதைவிடக் கூடுதலாகத்தான் எதிர்பார்க்க வேண்டும். ஆகவே ஊசி போட்டுவிட்டுக் காலைவரை காத்திருக்கலாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. 60–90 நிமிடத்தில் மறு ஈசிஜி எடுத்து, எஸ்டி உயரம் (மாரடைப்பில் ஈசிஜி கோடு மேலே தூக்கும் அளவு) பாதிக்கு மேல் இறங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றுதான் சொல்கிறது. இன்னொன்று: 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூளை ரத்தக்கசிவு கூடியதால், ஆய்வின் நடுவிலேயே அவர்களுக்கு மருந்தைப் பாதியாக்கினார்கள். ஸ்லைடு படத்தில் இது வராது. கட்டுரையின் செய்முறைப் பகுதியில்தான் இருக்கும்.

இந்த முறை நம் மாநிலத்தில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமானால் 2017-இல் வந்த தமிழ்நாடு ஸ்டெமி (ஈசிஜியில் எஸ்டி உயரம் தெரியும் மாரடைப்பு) ஆய்வு இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரிகளைக் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் கூடம்) உள்ள ஆஸ்பத்திரியோடு இணைத்தபோது, ஓராண்டு மரணம் 17.6%-இலிருந்து 14.2% ஆகக் குறைந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல, முன்–பின் ஒப்பீடு. ஆனாலும் ஆள் நம் ஆள். இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அடுத்தது, எதைப் பலன் என்று எண்ணினார்கள். 2025 ஆகஸ்டில் மாட்ரிட் மாநாட்டில் ஒரே நாளில் இரண்டு முடிவுகள் வந்தன. மாரடைப்பு வந்து, இதயத்தின் பம்ப் அளவு 40%-க்குக் கீழே போகாதவர்களுக்கு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை) தேவையா என்பதே இரண்டின் கேள்வியும். ஸ்பெயினும் இத்தாலியும் செய்த ரீபூட்டில் 8,505 பேர், பலன் இல்லை. நார்வேயும் டென்மார்க்கும் செய்த பீட்டாமி–டான்பிளாக்கில் 5,574 பேர், 16.3% என்பது 14.2% ஆகக் குறைந்தது. குழுக்களில் இரண்டு நாள் சண்டை.

சண்டைக்கு விடை, கூட்டுப் புள்ளியை, அதாவது பல சம்பவங்களைச் சேர்த்து எண்ணிய பலனை, பிரித்துப் பார்த்தால் கிடைக்கும். ரீபூட் எண்ணியது மரணம், மறு மாரடைப்பு, இதயத் தளர்ச்சிக்காக அட்மிஷன் ஆகிய மூன்றை. நார்வே–டென்மார்க் குழுவினர் அதோடு திட்டமிடாத ஆஞ்சியோபிளாஸ்டி, பக்கவாதம், ஆபத்தான துடிப்புக் கோளாறு ஆகியவற்றையும் சேர்த்தார்கள். அவர்களின் வித்தியாசம் முக்கியமாக மறு மாரடைப்பில் வந்தது: 6.7%-க்கு 5.0%. மரணம் 4.4%-க்கு 4.2%, ஏறத்தாழ சமம். பிறகு ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பம்ப் அளவு 40 முதல் 49 வரை உள்ளவர்களுக்குப் பலன் தெரிந்தது. 50-க்கு மேல் உள்ளவர்களுக்குத் தெரியவில்லை.

இதை ஓபியில் பயன்படுத்தப் போனால் நம்மூர்ச் சிக்கல் ஒன்று குறுக்கே நிற்கும். பல எக்கோ ரிப்போர்ட்டுகளில் எண்ணே இருக்காது. ‘குட் எல்வி ஃபங்ஷன்’, ‘அடிக்வேட்’ என்று இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். 45-ம் அதில் அடக்கம், 60-ம் அதில் அடக்கம். எண் இருந்தாலும் கண்ணால் பார்த்துப் போட்டதா, சிம்ப்சன் முறையில் இரண்டு கோணத்தில் அளந்ததா என்று தெரியாது. போதாததற்கு, மாரடைப்பு வந்த அன்றே எடுத்த எக்கோவில் தசை மயங்கிக் கிடக்கும். ஆறு வாரம் கழித்து எடுத்தால் எண் வேறு. ஆகையால் இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு முதலில் மாற்ற வேண்டியது மாத்திரையை அல்ல, எக்கோ கேட்டு எழுதும் சீட்டை: “ஈஎஃப் எண் வேண்டும், சிம்ப்சன் முறையில்” என்று எழுதுங்கள் (ஈஎஃப் என்பதுதான் அந்தப் பம்ப் அளவு). ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிட்டு நன்றாக இருப்பவருக்கு அதை நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி. 2024-இல் வந்த அபிஸ் ஆய்வு அதைத்தான் பார்த்தது; நிறுத்துவது தொடர்வதற்குச் சமம் என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை. தொடங்குவது, நிறுத்துவது, இரண்டையும் ஒரே பதிலால் அடைக்கக் கூடாது.

சதவீதக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் போடுவதில்லை. 2018-இல் வந்த அசெண்ட் ஆய்வு, சர்க்கரை இருந்து இதய நோய் இல்லாத 15,480 பேருக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தது. இதய, ரத்தநாளச் சம்பவங்கள் 9.6%-இலிருந்து 8.5%. “12% குறைவு” என்று தலைப்பு போடலாம். கழித்துப் பார்த்தால் 1.1, நூறை 1.1-ஆல் வகுத்தால் 91. சுமார் 7.4 ஆண்டுகள் 91 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு நன்மை. பெரிய ரத்தக்கசிவு 3.2%-இலிருந்து 4.1%, வித்தியாசம் 0.9, 111 பேரில் ஒருவருக்குக் கெடுதல். சர்க்கரை என்றாலே ஆஸ்பிரின் 75 எழுதும் பழக்கத்துக்கு இந்த இரண்டு எண்களே பதில். வகுத்தல் முடித்த பிறகு எத்தனை ஆண்டு என்பதையும் பக்கத்தில் எழுத மறக்க வேண்டாம். ஆண்டு இல்லாத 91-க்குப் பொருள் கிடையாது.

ரத்த அழுத்தத்தில் கவனிக்க வேண்டியது அளந்த விதம். 2015-இன் ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேர். மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவந்தபோது சம்பவங்களும் மரணமும் குறைந்தன. அங்கே நோயாளியை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். பல மையங்களில் அந்த நேரம் அறையில் வேறு யாரும் இல்லை. நம் ஓபியில் டோக்கன் எண் கூப்பிட்டதும் ஓடி வந்து உட்கார்ந்தவருக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டை சுற்றுகிறோம். அந்த 138, ஸ்பிரிண்ட் அறையில் 125-ஆகவோ 128-ஆகவோ இருந்திருக்கலாம். ஓபி எண்ணை 120-க்கு விரட்டினால் மயங்கி விழுவதும் கிரியேட்டினின் ஏறுவதும்தான் மிச்சம். கண்காணிப்போடு நடந்த அந்த ஆய்விலேயே அவை கூடின. சர்க்கரை உள்ளவர்களை ஸ்பிரிண்ட் சேர்க்கவில்லை. அவர்களுக்கான பதில் 2024-இல் சீனாவிலிருந்து, 12,821 பேரை வைத்துச் செய்த பிப்ரோட் ஆய்வில் வந்தது; அங்கும் 120 இலக்கு பலன் தந்தது. இலக்கைப் பின்பற்றுவதாக இருந்தால் அளக்கும் முறையையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டும். வீட்டில் அளந்த ஒரு வார எண்களைக் கொண்டுவரச் சொல்வது நடைமுறைக்கு எளிது.

ரத்தப் பரிசோதனை எண்ணோ ஈசிஜி கோடோ சரியானதை மட்டும் பலனாகக் காட்டும் கட்டுரைக்கு ஒரு மாற்றுக் குறைவாகவே மரியாதை கொடுங்கள். மாரடைப்புக்குப் பிறகு வரும் கூடுதல் துடிப்புகளை ஃப்ளெகெய்னைடு அழகாக அடக்கியது. 1989-இல் காஸ்ட் ஆய்வு, அதைச் சாப்பிட்டவர்கள் அதிகம் இறந்ததாகக் காட்டியது. டார்செட்ராபிப் நல்ல கொழுப்பை 72% ஏற்றியது. 2006-இல் மரணம் கூடியதால் ஆய்வையே நிறுத்தினார்கள்.

வழிகாட்டு நெறியில் எழுதிவிட்டார்கள் என்பதும் முழுச் சமாதானம் அல்ல. பரிந்துரையின் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். 2019-இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது: அமெரிக்க இதய நெறிகளில் ‘ஏ’ தரச் சான்று உள்ளவை 8.5%, ஐரோப்பாவில் ஏறத்தாழ 14%. ‘சி’ என்றால் நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்டது. அதுவும் மதிக்கத் தக்கதுதான், ஆனால் புதிய ஆய்வு ஒன்றே அதைப் புரட்டிப் போடலாம்.

படித்ததை என்ன செய்வது? முழுக் கட்டுரையை டவுன்லோடு செய்து ஃபோல்டரில் போட்டுவைப்பதால் பயனில்லை. உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து வரி போதும். இதயத் தளர்ச்சி உள்ளவர்களை வைத்துச் செய்த டாபா எச்எஃப் ஆய்வை எடுத்துக்கொண்டால்: 2019, 4,744 பேர், ஈஎஃப் 40-ம் அதற்குக் கீழும். டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., தினம் ஒன்று. 18 மாதத்தில் 21.2%-க்கு 16.3%, அதாவது 21-க்கு ஒன்று. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அதே பலன். சேர்க்காதவர்கள்: மேல் அழுத்தம் 95-க்குக் கீழ், ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) 30-க்குக் கீழ், டைப் 1 சர்க்கரை. கடைசி வரியில் நிறுத்த வேண்டிய நேரம்: அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பு, வாந்தி பேதியின்போது, சாப்பாடே இறங்காதபோது. 2020-இல் காப்புரிமை முடிந்து உள்நாட்டு மாத்திரைகள் வந்துவிட்டதால் விலையும் இப்போது பெரிய தடை இல்லை. அதையும் மூலையில் குறித்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரியைத்தான் நோயாளிக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அட்டையின் பின்பக்கம் கட்டுரையின் பப்மெட் எண்ணை எழுதிவையுங்கள். 2020 ஜூனில், கொரோனாவும் இதய மருந்துகளும் பற்றி நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை, அடிப்படைத் தரவைச் சரிபார்க்க முடியாமல் போனதால் திரும்பப் பெறப்பட்டது; அதே வாரம் லான்செட்டிலும் ஒன்று. பெரிய ஜர்னல் என்பதால் தப்பிவிடாது. திரும்பப் பெற்ற கட்டுரையின் எண்ணை பப்மெடில் போட்டால் பக்கத்திலேயே எச்சரிக்கை தெரியும். கையிலிருக்கும் அட்டைகளை ஆண்டுக்கு ஒரு முறை இப்படி ஓட்டிப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். எச்சரிக்கை வந்த அட்டையைக் கிழித்துவிட்டு, அதை நம்பி யாருக்கு என்ன எழுதினோம் என்று பழைய ஓபி நோட்டைப் புரட்ட வேண்டும்.